செவியும் காதும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



களமசேரியிலே பிறந்து, மலையாளப் பள்ளியிலே பயிலும் என் பேத்தி ஒருநாள், "தாத்தா, செவி வலிக்கிறது" என்றாள். அவள் அன்னையோ, "செவி மலையாளம், காது என்று சொல்" எனக் கடிந்தாள். குழந்தை நாணி வாய்மூடிற்று. நானும் அன்று வாளாவிருந்துவிட்டேன். அக்குறையைத் தீர்க்கவே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

செவி அயற்சொல் அன்று. தொல்காப்பிய மரபியல் ஐந்தாம் அறிவுக்குரிய பொறியைச் செவி என்றே கூறும். வள்ளுவர் கேள்வி அதிகாரத்தில் மீண்டும் மீண்டும் ஆள்வதும் அச்சொல்லே. பேச்சில் நாம் அதனை நழுவவிட்டோம். எனினும் செவிடு, செவிவழிச் செய்தி, செவிசாய்த்தல் ஆகியவற்றில் அது இன்றும் வாழ்கிறது. நம் அண்டை வீட்டாரோ நாள்தோறும் அதனை வழங்குகின்றனர். காது என்னும் சொல்லும் அவர்களிடம் உண்டு. காதுகுத்து அவர்களுக்கும் காதுகுத்தே. ஆகவே இரு சொற்களும் இரு மொழிக்கும் பொது, புழக்கமே வேறு.

இனி, செவியின் சுற்றத்தைக் காண்போம். தெலுங்கில் செவி, கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி, நீலகிரிக் கோத்தர் மொழியில் கெவ். தொலைவிலுள்ள பலூசிஸ்தானத்துப் பிராகூயி மொழியிலும் இதன் இனச்சொல் உண்டு. பரோ, எமெனோ என்னும் அறிஞர் இருவர் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒரே குடும்பமாகத் தொகுத்துள்ளது. இச்சொல்லின் பழைய முதலெழுத்து ககரமே. இகர எகரங்களின் முன் அது தமிழில் பல சொற்களில் சகரமாயிற்று. கன்னடத்தில் மாறாது நின்றது. நம் செம்மையோடு உறவுடைய கன்னடச் சொல் கெம்பு. நம் பெண்டிர் செவியில் அணியும் கெம்புத் தோட்டின் பெயரில் இருப்பதும் அதுவே!

காதின் பொருளும் விரிந்ததுதான். ஊசித் துளையைக் காது என்கிறோம். ஆங்கிலேயர் அதனைக் கண் என்பர். பாத்திரத்தின் பிடியும் நமக்குக் காதே.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்குக் காதையும் கற்பியுங்கள், செவியையும் தடுக்காதீர்கள். இங்கே தமிழைப் பள்ளியில் பயிலாது வளரும் குழந்தை, தான் பேசுவது பிழையென்று அஞ்சத் தொடங்கினால், நம்மிடம் தமிழ் பேசுவதையே விட்டுவிடும். அவ்விழப்பை எந்த அகராதியும் ஈடுசெய்யாது.

என் பேத்தியிடம், "நீ சொன்னது வள்ளுவர் சொன்ன சொல், அம்மா" என்றேன். அவள் தாயும் கேட்டு முறுவலித்தாள். வலியென்று வந்த குழந்தைக்கு முதலில் மருந்திடுவோம். திருத்தம் பிறகு ஆகட்டும்.