எண்ணிக்கைக்கு ஆள், ஓட்டுக்கு ஆளில்லை!

(நாகமலை புதுக்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பல இனத்தார் சேர்ந்து வாழும் நாட்டில் சிறுபான்மையோருக்குத் தனிப் பாதுகாப்பு எதற்கு, ஆளுக்கொரு ஓட்டு இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டையே பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? அப்படியும் நடக்குமா என்பீர்களானால், இலங்கையில் நடந்தது; அதுவும் நம் ஜனங்களுக்கே நடந்தது.

மதுரை, இராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து கடல் தாண்டிப் போனவர்கள்தான் இலங்கை மலையில் முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் பயிராக்கினார்கள். 1947-ஆம் வருஷத் தேர்தலில், 95 ஸ்தானங்களில் இந்தத் தோட்டத் தொழிலாளர் 7 பேரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். தொண்டமான், சி.வி.வேலுப்பிள்ளை முதலியோர் அப்படிப் போனவர்களே. வேறு பல தொகுதிகளிலும் இவர்கள் ஓட்டு இடதுசாரிக் கட்சிகளுக்குப் போயிற்று. ஆளுங்கூட்டத்தாருக்கு இது பொறுக்குமா?

அடுத்த வருஷமே, 1948-ல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதில் தமிழன் என்ற வார்த்தையே கிடையாது. உன் தகப்பன் இந்நாட்டில் பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, ருஜுக் காட்டு என்பதுதான் பேச்சு. லயத்தில் கிடந்து கொழுந்து பறிப்பவனிடம் பூட்டன் பிறந்த சீட்டு எங்கேயிருக்கும்? 1949-ல், பிரஜையல்லாதவனுக்கு ஓட்டில்லை என்று இன்னொரு சட்டம். 1952 தேர்தலில் அவர்கள் பிரதிநிதியாக ஒருவர்கூடப் போகவில்லை.

இதிலுள்ள சூழ்ச்சியைக் கவனியுங்கள். தொகுதி பிரிப்பது ஜனத்தொகையைக் கொண்டு. 75,000 தலைக்கு ஒரு ஸ்தானம். அந்தத் தலைக்கணக்கில் ஓட்டில்லாத தொழிலாளியும் சேர்த்தி! அவன் தலையால் கிடைத்த ஸ்தானத்தில், பக்கத்துக் கிராமத்தார் ஓட்டால் வேறொருவர் போய் உட்கார்ந்தார்.

"ஏன் ஐயா, அரசியல் சட்டத்தில் பாதுகாப்பு இல்லையா?" என்று கேட்கலாம். இருந்தது. எந்த வகுப்பாருக்கும் மட்டும் தனியாகத் தடை விதிக்கக்கூடாது என்று 29-வது பிரிவு சொல்லிற்று. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போயிற்று. பிரஜை யார் என்று தீர்மானிப்பது அந்தப் பார்லிமெண்டின் வேலை என்று 1953-ல் தள்ளிவிட்டார்கள். பாதுகாப்பு ஏட்டோடு நின்றது.

பிறகு 1964-ல் சிரிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, பாக்கி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். ஆட்டு மந்தையைப் பங்கு போடுகிறவன்கூட ஆட்டை ஒரு தடவை பார்ப்பான். இங்கே அந்த மனிதர்களை ஒரு வார்த்தை கேட்டவர் யார்? பிரதிநிதி இல்லாதவனை எவன் கேட்பான்? மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003-ல்தான் நிறைவேறிற்று. 55 வருஷம்!

சிங்களவரை மட்டும் வைது பயனில்லை. சிறுபான்மையோர் எல்லோருக்கும் சேர்த்துச் சரிபாதி ஸ்தானம் கேட்டவர் ஜி.ஜி.பொன்னம்பலம். அவர் முதற் சட்டத்தை எதிர்த்தார். மந்திரியான பிறகு, அதே தொழிலாளரைப் பற்றி வந்த அடுத்த சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் முதலியோர் அதனால்தான் பிரிந்தார்கள். மேலே இருப்பவனிடம் பங்கு கேட்கிறவன், தனக்குக் கீழே இருப்பவனைக் கைவிட்டான் என்பதல்லவா இதன் அர்த்தம்?

அந்தப் புத்தி நமக்கில்லையா? இந்த ரோட்டிலேயே மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் போங்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் பஞ்சாயத்துத் தலைவர் ஸ்தானத்தைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியதற்காக, 1996 முதல் 2006 வரையில் யாரையும் அதில் நிலைத்து உட்காரவிடவில்லையே! மேலவளவில், தலைவராக வந்த முருகேசனை 1997-ல் வெட்டிக் கொன்றார்களே! இதைச் செய்தவர்கள் சிங்களவரா?

ஆகவே தோழர்களே, நான் சொல்வது இவ்வளவுதான். பெரும்பான்மையோர் தயவில் இருக்கும் உரிமை உரிமையல்ல, பிச்சை. ஒரு கூட்டத்தாரின் ஓட்டையும் ஸ்தானத்தையும் தொடும் சட்டம், அக்கூட்டத்தார் பிரதிநிதிகளின் சம்மதமின்றி நிறைவேறக் கூடாது என்று எந்த நாட்டிலும் விதி வேண்டும். அந்த நியாயத்தைக் கொழும்பிலும் டில்லியிலும் கேளுங்கள். கேட்கிற யோக்கியதை வேண்டுமானால், முதலில் உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் அதை நடத்திக் காட்டுங்கள்.