முதலில் ஆலை, அப்புறம் சட்டமா?

நடுவர் அவர்களே, என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, காரைக்கால் பெருமக்களே!

நாடு வளர முதல் தேவை முதலீடா, சட்டமா? "முதல்ல தொழிற்சாலை வரட்டும்யா, சட்டம் கிட்டமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் நண்பர். எந்த ஊரில் வந்து சொல்றார் பாருங்க! கட்டிய மனைவி இலையில் வைத்த மாங்கனிக்கே, "இது ஏது?" என்று பரமதத்தன் கணக்குக் கேட்ட ஊர் இது. (கைதட்டல்)

வாஞ்சூர்ச் சோதனைச் சாவடியில் இடுப்பிலே ஒரு சீசா இருந்தால் போதும், பஸ்ஸை விட்டு இறக்கிடுவாங்க. (சிரிப்பு) சில பேர் சிரிக்கலை. அவங்களுக்கு அனுபவம்! (பலத்த சிரிப்பு)

சரி, சீசாவைப் பிடிச்சாச்சு. காசை மிச்சம் பிடிக்க ஊரையே பலிகொடுத்தவனை என்ன செய்வது?

1984 டிசம்பர் 2 இரவு. போபாலில் யூனியன் கார்பைடின் பூச்சிமருந்து ஆலை. விஷவாயுத் தொட்டியைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டிய இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். தூங்கிய பிள்ளை எழுந்திருக்கவே இல்லை, ஐயா.

உபேந்திர பக்ஷி என்று ஒரு சட்டப் பேராசிரியர். 1938இல் ராஜ்கோட்டில் பிறந்தவர். தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். பேராசிரியர்னா என்னை மாதிரி மேடை மேடையா அலையறவர்னு நினைச்சுடாதீங்க. (சிரிப்பு) 1981இல் ஆக்ரா பெண்கள் காப்பகத்தின் அவலத்தை அவரும் லோத்திகா சர்க்கார் அம்மையாரும் கடிதமாக எழுதினார்கள். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது! ஊழலைப் பற்றி 1989இல் தனி நூலே எழுதினார். போபால் வழக்கின் காகிதங்களைத் திரட்டி, 1986 தொடங்கித் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தார். காகிதம் இல்லேன்னா செத்தவனுக்குச் சாட்சி ஏது? பின்னாளில் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் அவர் வகித்த பதவியின் பெயரே 'வளர்ச்சியில் சட்டம்' பேராசிரியர்! எதிரணி நண்பர் குறித்துக்கொள்ளட்டும்.

நமது அரசு கேட்ட இழப்பீடு 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் சமரசமாக வந்தது 47 கோடி. ஏழில் ஒரு பங்கு! நம்ம மீன் மார்க்கெட்டில் நூறு ரூபாய் மீனைப் பதினாலு ரூபாய்க்குக் கேட்டுப் பாருங்க, அந்த அம்மா என்ன சொல்லுவாங்கன்னு இந்த மேடையில் சொல்ல முடியாது. (சிரிப்பு, கைதட்டல்)

தண்டனை? இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2010 ஜூன் 7இல், இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டிரண்டு ஆண்டு. அன்றைக்கே ஜாமீன்.

"பாத்தீங்களா, உங்க சட்டம் தோத்துப்போச்சே!" என்கிறார் நண்பர். தோற்றதுதான், மறுக்கவில்லை. ஆனால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது எப்போது? 1986! ஊர் செத்த பிறகு! முதல்ல தொழிற்சாலை, அப்புறம் சட்டம். நீங்க கேட்ட வரிசை அதுதானே, ஐயா? (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.