பொங்கல் மடலுக்கு இப்போதே விலாசம் தேடுங்கள்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தீபாவளி முடிந்த கையோடு பொங்கல் வாழ்த்து மடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "தைப்பொங்கலுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கே" என்று பின்னால் யாரோ சிரிக்கிறது கேட்குது. அந்த ரெண்டு மாசமும் வேணும். ஏன் என்று எங்கள் வீட்டுக் கதையைக் கொண்டே சொல்கிறேன்.

1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தினால் நம்மில் எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. எங்கள் பெரியம்மாவும் தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அக்கா, தங்கச்சி இருவருக்கும் வருஷத்துக்கு ஒரு பொங்கல் மடல்தான் உறவு. ஒரு வருஷம் நாங்கள் வேறு தோட்டத்துக்கு மாறினோம். "புது விலாசத்தைப் பொங்கலுக்கு எழுதிக்கலாம்" என்று அம்மா விட்டுவிட்டார். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது தேடினால், பெரியம்மாவின் விலாசத் துண்டைக் காணவில்லை. சாமான் ஏற்றும்போது தொலைந்திருக்கிறது. அவர் போட்ட மடலும் எங்களுக்கு வந்து சேரவில்லை. ஆறு வருஷம் கழித்து, ஊருக்குப் போய்வந்த ஒருவர் விலாசம் கொண்டு வந்தார். அப்போது பெரியம்மா உயிரோடு இல்லை. "ஒரு துண்டுக் காகிதத்தைப் பத்திரமா வைக்கத் தெரியலியே" என்று அம்மா கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதார்.

ஆகையால், முதல் வேலை படம் வரைவதல்ல, விலாசம் எழுதுவது. பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். போன வருஷம் வந்த மடல்களின் உறைகளைப் பார்த்து எழுதுங்கள். பேர் மட்டும் போதாது. ஒரே தோட்டத்தில் மூன்று ராமாயி இருப்பாங்க. தகப்பன் அல்லது புருஷன் பேர், லய இலக்கம், டிவிசன், தோட்டம், தபால் கந்தோர் எல்லாம் வேணும். நாம் தமிழில் ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுகிற தோட்டம், தபாலில் வேறு பேரில் இருக்கும். அதையும் கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, மடல் செய்வது. கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பழைய கலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் போதும். சவுக்கு இலையையும் சின்னப் பூக்களையும் இன்றைக்கே பழைய புத்தகத்துக்குள் வைத்து, மேலே பாரம் ஏற்றுங்கள். இரண்டு வாரத்தில் நன்றாகக் காய்ந்துவிடும். கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டலாம். ஈரத்தோடு ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், கவனம்.

மூன்றாவது, தபால். டிசம்பரில் நத்தார் மடல்கள் குவிந்துவிடும். இந்தியாவுக்குப் போகிற மடலை டிசம்பர் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். உள்நாட்டுக்கு ஜனவரி முதல் நாட்களில் போட்டால் போதும். ஒரு மடலைத் தபால் கந்தோரில் நிறுத்துப் பார்த்த பிறகு முத்திரை வாங்குங்கள். எல்லா முத்திரையையும் ஒரே நாளில் வாங்கினால் கை கடிக்கும். சம்பளத்துக்குச் சம்பளம் இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள்.

மடலுக்குள் வாழ்த்தோடு இரண்டு வரி சேதியும் எழுதுங்கள். யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தப் பிள்ளை சாதாரண தரம் பாஸ் பண்ணியது என்று எழுதினால், அதைத்தான் அங்கே பத்துத் தடவை வாசிப்பாங்க. எழுதத் தெரியாத பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். உங்கள் விலாசத்தை உறையின் பின்பக்கம் மறக்காமல் போடுங்கள்.

"இப்பதான் கையில போன் இருக்கே" என்பீர்கள். நல்லது, பேசுங்கள். ஆனால் நம்பர் மாறும், போனும் உடையும். அந்தப் போனிலேயே உறவுக்காரரைக் கூப்பிட்டு, அவர்கள் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று இராச் சாப்பாடு முடிந்ததும் அந்தக் கொப்பியைத் திறந்து ஒரே ஒரு பேர் எழுதுங்கள். ரொம்ப நாளாய்ச் சேதி இல்லாத ஆளின் பேராக அது இருக்கட்டும்.