கணக்கு நோட்டு பேசட்டும்!

 

எதிரணி நண்பர் கேட்டார்: "மரவள்ளிக் கிழங்கு வியாபாரம் பண்ற பையனுக்கு அகமதாபாத் ஐ.ஐ.எம்.ல யார் இடம் கொடுப்பாங்க?"

கொடுப்பாங்கய்யா! அங்கே அனுபவசாலிகளுக்கான ஓராண்டுப் படிப்புக்குப் பட்டம் வேணும், ஜிமாட் அல்லது ஜி.ஆர்.இ. மதிப்பெண் வேணும், 4 வருஷ அனுபவம் வேணும். சொந்தத் தொழிலும் அனுபவம்தான். ஆனா வாய் பேசினா போதாது. கணக்கு நோட்டு பேசணும். சேகோ மில்லுல நிலுவையை வசூல் பண்ணினவனுக்கு நேர்முகத் தேர்வு ஒரு பயமா? (சிரிப்பு)

கிடைக்கலேன்னா? பள்ளிப் பருவத்திலேயே தொழில் செய்தவர் வாரன் பஃபெட். 1950இல் ஹார்வர்டு அவருக்கு இடம் மறுத்தது. கொலம்பியாவில் சேர்ந்தார், பெஞ்சமின் கிரஹாம் என்ற குரு கிடைத்தார்.

தம்பி, திருப்பி அனுப்பினா அது விண்ணப்பம்தான். உன் உழைப்பு இல்லே! (கைதட்டல்)