மிட்வேயும் மலாயாத் தோட்டத் தொழிலாளரும்
(ஐதராபாத் அமீர்பேட்டில் தோழர்களிடையே ஆற்றிய உரை)

1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் 4 விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியவை அவற்றுள் மூன்று. பசிபிக் போரின் திருப்புமுனை இதுவென்பர், மறுப்பதற்கில்லை.

எனினும் கடலாதிக்கம் தளர்ந்ததன் விலையைச் செலுத்தியவர் யாவர்? சிங்கப்பூர்–இரங்கூன் கடல்வழியில் நேசநாட்டு நீர்மூழ்கிகளின் அச்சுறுத்தல். பர்மாவிலிருந்த படைக்குத் தளவாடம் தரைவழியே சென்றாக வேண்டும். ஆகவே சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. பிரிட்டிஷ் முதலாளிகள் கைவிட்டு ஓடிய ரப்பர்த் தோட்டங்களில் பிழைப்பற்று நின்ற தமிழர் பல்லாயிரவரைக் கூலி ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் ஜப்பானியர் அங்கே கொண்டுசென்றனர். காலராவும் பட்டினியும் கொன்றவர்களுக்கு முழுமையான கணக்கேடில்லை. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம்மவர் பெரும்பாலோர் பாதையோரக் காட்டில் பெயரின்றிப் புதைந்தனர்.