செவலைக்கு என்ன சீக்கு?



உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறவரைப் பார்த்தால், 'சீக்கு வந்த கோழி மாதிரி' என்போம். போன தை மாதம் வரை நானும் அப்படிச் சொல்லிச் சிரித்தவள்தான்.

ஒருநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினேன். மற்ற மூன்று கோழிகளும் குப்பைமேட்டுக்கு ஓடின. செவலை மட்டும் இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளுக்கு இழுத்து, பந்துபோல நின்றாள். (கோழியை 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.) கொண்டை வெளுத்திருந்தது. தூக்கினால் கனமே இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் பட்டது. அப்படியானால் இது நேற்று வந்த நோயல்ல. கோழி லேசில் காட்டிக்கொள்ளாது. தளர்ந்தது தெரிந்தால் கூட்டாளிகளே கொத்தி விரட்டும். அதனால் தீனி பொறுக்குவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே நாளை ஓட்டிவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னிக்கே குழம்பு வச்சிரு, நாளைக்கு அதுக்கும் ஆகாது" என்றார். நோய்ப்பட்ட கோழியைச் சட்டியில் போடுவது தப்பு என்று சொன்னால் கேட்கவா போகிறார்? எங்கள் அத்தையோ செவலைக்கு மருந்தாகக் கொடுக்கச் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சளை அம்மியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

முதல் பயம் வெள்ளைக்கழிச்சல்தான். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1926-ல் கண்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. நம் நாட்டில் ராணிக்கெட் என்ற மலையூரின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் செவலைக்குக் கழிச்சல் இல்லை, கழுத்து திருகவில்லை, தடுப்பூசியும் போட்டிருந்தது. முட்டை அடைத்திருக்குமோ? அடிவயிற்றில் கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை. இரைப்பை கட்டியிருந்தால் விடியும்போதும் புடைத்தே இருக்கும். இவளுக்குச் சுருங்கித்தான் கிடந்தது. செட்டைக்கு அடியில் பேனும் இல்லை.

கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் போனேன். வெப்பமானி 107 டிகிரி காட்டியதும் பதறிவிட்டேன். "கோழிக்கு அதுதாம்மா சாதாரணம்" என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் மனதில் நின்றுவிட்டது: "பண்ணைன்னா செத்ததுல ஒண்ண அறுத்துப் பார்த்து, மிச்சம் ஆயிரத்தைக் காப்பாத்துவோம். உங்களுக்கு வேண்டியதே இந்த ஒண்ணுதானே?" என்ன நோய் என்று தெரிய வேண்டுமானால் அவள் சாக வேண்டும். எனக்குத் தெரியவே வேண்டாம் என்று, ஐந்து நாளைக்குப் பொடி மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, மற்றவற்றிடமிருந்து பிரித்து, சூட்டுக்காக ஒரு குண்டு பல்பைக் கொஞ்சம் தள்ளித் தொங்கவிட்டேன். தண்ணீர் கொடுப்பதில்தான் கவனம் வேண்டும். கோழியின் வாயைத் திறந்து பாருங்கள், மூச்சுத் துவாரம் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அவளே நக்கி விழுங்குவாள். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நல்லவேளை, மற்ற மூன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வரிசையாகக் கோழிகள் செத்து விழுந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள் அவித்த மஞ்சள் கருவை உதிர்த்து வைத்தேன். கோழிக்கே கோழிமுட்டையா என்று அத்தை முகம் சுளித்தார். செவலை ஒருமுறை கொத்தினாள். யோசித்தாள். மறுபடி கொத்தினாள்.

மாசி பாதியில் ஒரு முட்டை இட்டாள். ஓடெல்லாம் சுருக்கம், காய்ந்த எலுமிச்சை போல. மருந்தா, வெங்காயமா, பல்புச் சூடா, எது அவளை எழுப்பியது என்று எங்கள் வீட்டில் இன்னும் தகராறு. மருந்து சாப்பிட்ட கோழியாயிற்றே என்று அந்த முட்டையைத் தென்னை மரத்தடியில் புதைத்தோம்.

மறுநாள் காலை பஞ்சாரத்தைத் தூக்கியதும் நேரே அங்கே போய்க் கிளறத் தொடங்கிவிட்டாள்.