முத்திரை உள்ள பாட்டும் முகவரி இல்லாத பாட்டும்

ஆய்வறிஞர்களுக்கும் சபாக்காரர்களுக்கும் வழக்கறிஞர் நண்பர்களுக்கும், தாராவியிலிருந்து வந்து கடைசி வரிசையில் இடம் பிடித்திருக்கும் ராப் பாடகர்களுக்கும் வணக்கம். முன்வரிசை காலியாக இருக்கிறது தம்பிகளே, வந்து உட்காரலாம்.

கலையில் எது மரியாதை, எது களவு என்று பேசக் கூடியிருக்கிறோம். மும்பைத் தமிழர்களுக்கு இது எங்கோ நடக்கிற விவகாரம் இல்லை. இந்த மாட்டுங்காவிலிருந்து செம்பூர் போனால், ராஜ் கபூர் 1948-ல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ இருந்த இடம் வரும். ‘ஆவாரா’விலும் ‘ஸ்ரீ 420’-லும் அவர் உலவவிட்ட நாடோடி யார்? சார்லி சாப்ளினேதான். களவு என்று யாரும் சொல்லவில்லை. சாப்ளினைப் பார்ப்பவர்கள் அடையாளம் காணவேண்டும் என்றுதானே அந்த வேஷமே! ஆனால் அதே ராஜ் கபூரும் நர்கிஸும் 1956-ல் நடித்த ‘சோரி சோரி’, 1934-ல் வந்த ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ என்ற ஹாலிவுட் படத்தின் கதை. தயாரித்தது நம் ஏவி.எம். பாரதி பாடல்களின் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று, ‘பில்ஹணன்’ படத்தை முன்வைத்து டி.கே.எஸ். சகோதரர்களோடு மல்லுக்கு நின்றதும் அதே ஏவி.எம்.தான். பிறகு மெய்யப்பச் செட்டியார் காசு வாங்காமல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார், 1949-ல் பாரதி பாடல்கள் அரசுடைமையாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே திருடர் பட்டியல் ஒன்று, உத்தமர் பட்டியல் ஒன்று என்று இங்கே தயாரிக்க வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள்.

இவ்வகை வழக்குகளில் நம் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து வைப்பது 1978-ல் உச்ச நீதிமன்றம் அளித்த ஆர்.ஜி. ஆனந்த் தீர்ப்பு. அதன் நடுவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பது பலருக்குத் தெரியாது. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராசிக் குடும்பம், பிள்ளைகளுக்குள் காதல். 1956-ல் வந்த ‘நியூ டெல்லி’ படத்திலும் அதுதான். வைஜயந்திமாலா தமிழ்ப் பெண். கிஷோர் குமார் பஞ்சாபிப் பையன். வாடகைக்கு வீடு கிடைக்காமல், தமிழன் என்று பொய் சொல்லிக் குடியேறுகிறார். (நம்மில் பலர் இந்த ஊரில் வீடு தேடியபோது பொய் சொல்லக்கூட வழியில்லை; ‘மதராசியா?’ என்ற கேள்வி நம் முகத்தைப் பார்த்ததுமே வந்துவிடும்.) நாடகாசிரியர் வழக்குப் போட்டார், தோற்றார். கருத்து எல்லோருக்கும் பொது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை என்றது நீதிமன்றம். நாடகம் கல்யாணத் தகராறோடு நின்றது, படம் வீட்டு வாடகை, வரதட்சணை என்று விரிந்தது என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். அந்த வாடகை வீட்டுப் பொய்க்கும் படத்தைக் காப்பாற்றியதில் பங்கு உண்டு.

இந்த அளவுகோலை ‘நாயகன்’ மீது வைத்துப் பாருங்கள். 1987-ல் அந்தத் தாராவியைத் தோட்டா தரணி சென்னையில் செட்டாகப் போட்டார். மகனின் பிணத்தின் முன் வேலு நாயக்கர் உடைந்து அழும்போது ‘காட்ஃபாதர்’ ஞாபகம் வராதவர் இல்லை. அந்தச் சட்டகம் 1972-ல் அமெரிக்காவில் அடித்தது. ஆனால் அப்பனை நேருக்கு நேர் நிறுத்தி மகள் கேள்வி கேட்பதும், நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்பதும் அங்கே கிடையாது. என் கணக்கில் அது களவு இல்லை. கடன் என்று சொல்லலாம். வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்த கடன்.

கதையை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம், இசையை எப்படிப் பிரிப்பது? எத்தனை ஸ்வரம் ஒத்துப்போனால் குற்றம்? 2008-ல் இந்த நகரத்தின் உயர் நீதிமன்றத்திலேயே அது விசாரணைக்கு வந்தது. ராம் சம்பத் ஒரு செல்போன் விளம்பரத்துக்குப் போட்ட சில விநாடி இசை, ‘கிரேஸி 4’ படப் பாட்டில் ஒலித்தது. ஸ்வரங்களை எண்ணுவதோடு விஷயம் முடிவதில்லை, ஒன்றைக் கேட்கும்போது மற்றது சாதாரணக் காதுக்கு ஞாபகம் வருகிறதா என்று பார்த்து நீதிபதி அந்தப் பாட்டுகளுக்குத் தடை போட்டார். படம் வெளியாகவேண்டிய அவசரம். 2 கோடி ரூபாயில் சமரசம் ஆயிற்று. ஆளும் தெரியும், தேதியும் தெரியும், ஒப்பந்தமும் கையில் இருந்தது. அதனால் வென்றார்.

இவை எதுவும் இல்லாதவன் என்ன செய்வான்? நான் இன்று சொல்ல வந்தது இதுதான். ‘பொன்னியின் செல்வன் 2’-ல் ஏ.ஆர். ரகுமானின் ‘வீரா ராஜ வீரா’ பாட்டைப் பாருங்கள். தன் தந்தை ஃபையாசுதீன் தாகரும் பெரியப்பா ஜாகிருதீன் தாகரும் அமைத்த ‘சிவ ஸ்துதி’ அது என்று உஸ்தாத் வாசிஃபுதீன் தாகர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். படத்தில் தாகர்வாணி மரபு என்று குறித்திருந்தார்கள். ஆள் பெயர் இல்லை. 2025 ஏப்ரலில் தனி நீதிபதி, இது வெறும் உந்துதல் இல்லை, சில மாற்றங்களோடு அதே பாட்டுதான் என்று சொல்லி, பெயர் போடவும் 2 கோடி ரூபாய் கட்டவும் உத்தரவிட்டார். செப்டம்பரில் இருவர் அமர்வு அதை ரத்து செய்தது. பாடியவர் என்பதாலேயே ஒருவர் இயற்றியவர் ஆகிவிட மாட்டார் என்பது அவர்கள் வாதம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் குருவின் வாயிலிருந்து சிஷ்யனின் காதுக்குப் போகும் வித்தையில், பாடியதைத் தவிர வேறு எந்தச் சாட்சி மிஞ்சும்?

நம் பெரியவர்கள் இதற்கு முத்திரை என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். தியாகராஜர் தம் பெயரையே பாட்டுக்குள் வைத்தார். தீட்சிதர் ‘குருகுஹ’ என்றார். நேற்றுவரை வாழ்ந்த பாபநாசம் சிவன் ‘ராமதாசன்’ என்றார். சண்முகானந்தா அரங்கில் சரணம் வந்ததும் பின்வரிசை மாமிகூட யார் கீர்த்தனை என்று சொல்லிவிடுவாள். கம்பரும் பாயிரத்திலேயே, வடமொழியில் பாடிய மூவருள் முதலாமவர் வழியில் போகிறேன் என்று தெரிவித்துவிட்டுத்தான் தொடங்கினார். தெரிவித்துவிட்டு வால்மீகியை அவர் எவ்வளவு மாற்றினார் என்பது உங்களுக்கே தெரியும். மூலத்தைச் சொல்வது கையைக் கட்டுவதில்லை.

பெயர் போட்டால் போதுமா என்றால், போதாது. 2024-ல் தன் பாட்டைப் பயன்படுத்திய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்துக்கு இளையராஜா தரப்பு அனுப்பிய நோட்டீஸ் அதைத்தான் சொன்னது: டைட்டிலில் பெயர் போட்டது அனுமதி ஆகாது. இசை நிறுவனத்திடம் உரிமை வாங்கினோம் என்றது படத்தரப்பு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பாளி தன் பெயரைக் கோரலாம் என்கிறது. 2012-ல் வந்த திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டியை எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி ஆக்கியது. இவ்வளவும் பெயர் உள்ளவர்களுக்கு.

சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் கிழவிக்கும் கானா பாடுகிறவனுக்கும் எந்தப் பிரிவு? 2021-ல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் சுற்றியபோது, தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து வந்த பாட்டு என்று ராப் பாடகர் அறிவு சொன்னார். மறு ஆண்டே, பாட்டை யார் எழுதினார், யார் மெட்டமைத்தார் என்று அதை உருவாக்கியவர்களே பொதுவெளியில் விளக்க வேண்டியதாயிற்று. நல்ல கலைஞர்கள், நல்ல பாட்டு. முதல் நாளே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கசப்பு பாதியாகக் குறைந்திருக்கும்.

தாராவித் தம்பிகளிடம் இதைத்தான் கேட்க நினைக்கிறேன். உங்களில் ஒருவர் பீட் போடுகிறார், ஒருவர் தமிழில் வரி எழுதுகிறார், ஒருவர் இந்தியில் பதில் பாடுகிறார். நெட்டில் இலவசமாக எடுத்த பீட்டுக்கு யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? உங்கள் பாட்டைச் சினிமாக்காரர் கேட்டு வந்தால் யார் பங்கு எவ்வளவு? பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டியை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். 1969 முதல் இதே நகரத்தில்தான் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் அதில் உறுப்பினர்? பிற்பகல் அமர்வில் நீங்கள் பேசும்போது வழக்கறிஞர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடாமல் இருக்க வேண்டும். அதனால் நிகழ்ச்சி நிரலை மாற்றி, உங்கள் அமர்வை முதலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டு மேடைக்கு வாருங்கள்.